இந்தத் தெருவின் காசு

அக்கா விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, இருபத்தேழாம் எண் மீட்டருக்கும் இருபத்தெட்டாம் எண் மீட்டருக்கும் நடுவில். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. அந்த நேரத்தில் இருபத்தைந்தாம் மீட்டரின் வயிற்றைத் திறந்து காசுப்பெட்டியை உருவிக்கொண்டிருந்தது அவளுடைய சொந்தத் தங்கைதான்.

தங்கை நகராட்சி ஊழியர். கார் நிறுத்துகிறவர்கள் காசு போடும் மீட்டர்கள் அந்தத் தெருவில் அறுபத்து நான்கு. வாரம் இரண்டு முறை அவள் தள்ளுவண்டியோடு வருவாள். நிறைந்த பெட்டியை எடுத்து வண்டிக்குள் போடுவாள், காலிப் பெட்டியை வைத்துப் பூட்டுவாள். பெட்டிகள் முத்திரை வைத்து மூடியவை. வருடக்கணக்காகத் தூக்கியும் உள்ளே கிடந்த ஒரு காசைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எந்த மீட்டர் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது அவள் தோளுக்குத் தெரியும். பல் டாக்டர் வாசலில் இருப்பது எப்போதும் கனக்கும். வலியோடு வருகிறவர்கள் மிச்சத்தைக் கணக்குப் பார்ப்பதில்லை. தெருவில் அவளுக்கு மீட்டரம்மா என்று பெயர்.

அக்காவுக்கு அதே தெருவில் தையல்கடை. அன்று தைத்து முடித்த நான்கு கோட்டுகளைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, காரில் காத்திருந்த வாடிக்கையாளரிடம் கொடுக்க நடைபாதையில் வந்தாள். அங்கே ஒரு கல் போன மழைக்காலத்திலேயே ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. தெருக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கல்தான். கோட்டுகள் பார்வையை மறைத்ததால் அக்கா அதன் மேல் காலை வைத்தாள். கோட்டுகள் அழுக்காகிவிடக் கூடாதே என்று இடது கையால் அவற்றைத் தூக்கிப் பிடித்தபடி வலது கையை ஊன்றி விழுந்தாள். முறிந்த சத்தம் தங்கையின் காதுக்கே கேட்டது.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. மருத்துவமனையில் கட்டுப் போட்ட டாக்டர், ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார். அதற்குப் பிறகு கத்திரிக்கோல் பிடிக்க வருமா என்று கேட்டதற்கு, "வரும், ஆனா பழைய மாதிரி வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். அக்கா அழவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கட்டுப் போட்ட கையைத் தங்கையின் மடியில் தூக்கி வைத்தாள்.

"இந்தக் கையாலதான்டி நீ நீட்டின பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன்" என்றாள்.

தங்கைக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அக்கா சொன்னதில் பொய் ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஆறு வருடங்களுக்கு முன்பு மீட்டர் வரப்போகிறது என்றதும் தெருவே கொதித்தது. வாடிக்கையாளர்கள் ஓடிப்போவார்கள் என்று கடைக்காரர்கள் கத்தினார்கள். நகராட்சி அப்போது ஒரு தந்திரம் செய்தது. மீட்டரில் விழும் காசில் பாதி அந்தத் தெருவுக்கே செலவாகும், நடைபாதை, விளக்கு, பொதுக் கழிப்பறை எல்லாம் வரும் என்று எழுதி, அதற்குச் சம்மதம் கேட்டு ஒரு தாளை அச்சடித்தது. அதைக் கடை கடையாக எடுத்துப் போக ஆள் வேண்டுமே. அக்கா கடை அங்கே இருப்பதால் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த முகம் என்று தங்கையை அனுப்பினார்கள். அவளும் நம்பினாள். நம்பியதோடு நிற்காமல் வாய் வலிக்க வலிக்கப் பேசினாள். "நம்ம தெருக் காசு நம்ம தெருவுக்குண்ணே, நான் சொல்றேன்ல" என்று பூட்டுக்கடைக்காரரிடம் மட்டும் மூன்று தடவை சொன்னாள். அறுபத்து ஒன்பது கையெழுத்துகள் வாங்கினாள். பிறகு 'இந்தக் காசு இந்தத் தெருவுக்கே' என்ற தகரப் பலகையை ஒவ்வொரு மீட்டர்க் கம்பத்திலும் அவளே திருகாணி போட்டு மாட்டினாள்.

அதற்குப் பிறகு தெருவுக்கு வந்தது என்ன என்று கேட்டால், இரண்டு குப்பைத்தொட்டிகள். ஒன்றுக்கு மூடி கிடையாது.

தெருக்காரர்கள் கேட்கத்தான் செய்தார்கள். அவள் மேலே கேட்பாள். மேலே இருந்து 'பரிசீலனையில் உள்ளது' என்பார்கள். அவள் அதை அப்படியே கொண்டுவந்து தெருவில் சொல்வாள். ஆறு வருடம் இப்படியே போனது. மருத்துவமனை பெஞ்சில் அக்காவின் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான், அந்த வார்த்தையைத் தான் எத்தனை நூறு தடவை சுமந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. காசுப்பெட்டியைப் போலவே அதையும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே தூக்கியிருக்கிறாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போனதும் வண்டியை எடுக்காமல் நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். யாரிடமும் கோபப்பட மாட்டார், யாருக்கும் எதுவும் செய்யவும் மாட்டார்.

"சார், எங்க அக்கா கையை உடைச்சுக்கிட்டா. அந்தத் தெருப் பணத்துல நடைபாதை எப்ப போடப் போறீங்கன்னு எனக்கு இன்னைக்குத் தெரியணும்."

"அக்காவுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?"

"கட்டுப் போட்டிருக்கு. நடைபாதை எப்ப சார்?"

"அதெல்லாம் பெரிய இடத்து விஷயம். நீ வேணும்னா ரெண்டு நாள் லீவு போட்டு அக்காவைப் பாத்துக்கோ."

"பணம் இருக்கா இல்லையா, அதையாவது சொல்லுங்க."

அவர் மேஜை மேலிருந்த கார்ச் சாவியை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். "நம்ம வேலை வசூல் பண்றது. செலவு பண்றது அவங்க வேலை. நடுவுல நாம மூக்கை நுழைக்கக் கூடாது" என்றார்.

அவள் அங்கிருந்து இறங்கிக் கணக்குப் பிரிவுக்குப் போனாள். அங்கே ஒரு குமாஸ்தா இருந்தார். சரிபார்த்த வரி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார் என்பதால் அலுவலகம் முழுவதும் அவருக்குப் புள்ளி என்றுதான் பெயர். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆறு வருஷமா ஒருத்தராவது வந்து கேப்பாங்கன்னு பாத்தேன்" என்றார். "கேட்டா காட்டணும்னு விதி இருக்கு. கேக்காம காட்டணும்னு விதி இல்ல."

அலமாரியிலிருந்து பச்சை அட்டை போட்ட ஒரு பேரேட்டை எடுத்து அவள் முன்னால் விரித்தார். தெருவின் பெயரில் தனிக் கணக்கு உண்மையிலேயே இருந்தது. பாதிப் பங்கு மாதா மாதம் ஒழுங்காக வரவாகியிருந்தது. ஒரு கணம் அவளுக்கு நிம்மதிகூட வந்தது. புள்ளி அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

முதல் செலவு, தெருவை மேம்படுத்துவது எப்படி என்று ஆலோசனை சொன்ன நிறுவனத்துக்கு. இரண்டாவது, அந்த ஆலோசனையைச் சரிபார்த்த இன்னொரு நிறுவனத்துக்கு. மூன்றாவதாக, இரண்டு குப்பைத்தொட்டிகள். நான்காவது வரிதான் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரியது. 'தெருவின் கிழக்கு முனையில் வாகன நிழற்கூடம் கட்டுதல்.'

"கிழக்கு முனையில ஏது நிழற்கூடம்?" என்றாள் அவள். கேட்டு முடிப்பதற்குள்ளேயே பதில் அவளுக்கே தெரிந்துவிட்டது. நகராட்சிக் கட்டிடத்தின் பின்வாசல் அந்தத் தெருவின் கடைசியில்தான் திறக்கிறது. பின்வாசலுக்குள் போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஒரு கூரை எழும்பியது. அடியில் வழுவழுப்பான தரை, வெள்ளைக் கோடுகள், ஒவ்வொரு கட்டத்துக்கும் எண். உறுப்பினர்களும் அதிகாரிகளும் கார் நிறுத்துகிற இடம். நாற்பத்தொரு கார்கள். அங்கே மீட்டர் கிடையாது.

"இது தெருவா?" என்று கேட்டாள்.

"பின்வாசல் கதவு எண் அந்தத் தெருவுல வருது. அதனால காகிதத்துல அது தெருதான்." புள்ளி அந்த வரியைப் பென்சில் முனையால் தொட்டார். பக்கத்தில் பென்சில் புள்ளி இல்லை, மைப் புள்ளி இருந்தது. "நான் வைக்கல. எனக்கு மேல இருக்கிறவர் மையாலயே வெச்சுட்டார்."

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். கொட்டுகிற மழையிலும் கொளுத்துகிற வெயிலிலும் தோள் எலும்பு தேய அவள் தூக்கிய பெட்டிகள், பல்வலியோடு வந்தவன் போட்ட காசு, பூட்டுக்கடைக்காரர் தன் சொந்தக் கடை வாசலில் வண்டி நிறுத்தத் தினமும் போட்ட காசு, எல்லாம் சேர்ந்து கண்காணிப்பாளர் காருக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவள் அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இத்தனைக்கும் யாரும் பூட்டை உடைக்கவில்லை, யாரும் ஓடி ஒளியவில்லை. பச்சை அட்டைக்குள் அழகான கையெழுத்தில் எழுதி வைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் கார் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார்கள்.

அவள் நான்கு தொகைகளையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டாள். அன்று மாலை தெருவுக்குப் போய், முதலில் பூட்டுக்கடைக்காரரிடம் சொன்னாள். அவர் அரம் பிடித்த கையை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்ப ஆறு வருஷமா எங்க காதுல பூ சுத்தியிருக்க" என்றார்.

"ஆமாண்ணே."

"தெரிஞ்சா, தெரியாமலா?"

"தெரியாம. கேக்காம இருந்தது என் தப்பு."

அவர் சாவியை ஊதித் தூசியைத் தட்டினார். "அடுத்த வாரம் பட்ஜெட் கூட்டம் இருக்கு. பொதுமக்கள் பேசலாம்னு வருஷா வருஷம் போர்டு வைக்கிறான். ஒருத்தனும் போறதில்ல. இந்தத் தடவை போவோம்" என்றார்.

கூட்டம் வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. மன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் நூறு நாற்காலிகள் இருந்தன. வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் அந்த இடத்தில் அன்று நாற்பது பேர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீட்டரம்மா வேலைச் சீருடையோடே வந்திருந்தாள். கண்காணிப்பாளர் படியேறி வந்து அவள் காதருகே குனிந்தார்.

"வேண்டாம்மா. வேலைக்கு உலை வெச்சுக்காத."

"நீங்க உக்காருங்க சார்" என்றாள்.

பொதுமக்கள் நேரம் வந்ததும் முதல் ஆளாக எழுந்து ஒலிவாங்கி முன்னால் போனாள். பெயரையும் வேலையையும் சொன்னதுமே தலைவர் கையை உயர்த்தினார். நரைத்த முடியைப் படிய வாரியிருந்த, இனிமையாகப் பேசப் பழகிய மனிதர்.

"நீங்க நம்ம ஊழியர். ஊழியர்கள் இங்க பேச விதி இடம் கொடுக்கலையே. எழுத்துல கொடுங்க, பரிசீலிக்கிறோம்."

பரிசீலனை என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் துண்டுத்தாளை மடித்தாள். திரும்பிப் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள். பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நான் ஊழியர் இல்ல, தையல்காரி" என்று சொல்லிக்கொண்டே அக்கா வந்தாள். கட்டுப் போட்ட கை கழுத்திலிருந்து தூளியில் தொங்கியது. "அந்தத் தெருவுல இருபத்தோரு வருஷமா கடை வெச்சிருக்கேன். நான் பேசலாமா, அதுக்கும் விதி பாக்கணுமா?"

மாடத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவர் மூன்று நிமிடம் கொடுத்தார்.

"எனக்குக் கணக்கு மனசுல நிக்காது. என் தங்கச்சி காதுல சொல்லுவா, நான் சத்தமா சொல்லுவேன். காதுல சொல்றதுக்கு விதி ஏதாவது தடுக்குதா?"

தலைவர் பக்கத்தில் இருந்த செயலரைப் பார்த்தார். செயலர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அப்படித்தான் அது நடந்தது. தங்கை தாளைப் பார்த்து அக்காவின் காதில் முணுமுணுத்தாள். அக்கா, கடையில் மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரலில், ஒவ்வொரு தொகையாகச் சொன்னாள். ஆலோசனை சொன்னவனுக்கு இவ்வளவு. ஆலோசனைக்கு ஆலோசனை சொன்னவனுக்கு இவ்வளவு. மூடியில்லாத தொட்டிக்கு இவ்வளவு. நிழற்கூடத் தொகையைச் சொன்னபோது மாடம் அமைதியானது. கீழே ஓர் உறுப்பினர் அருகிலிருந்தவரிடம் "அது நம்ம ஷெட்டா?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"உங்க காருக்கு வெயில் படக் கூடாதுன்னு கூரை போட்டீங்க. நல்லது. உங்க காசுல போட்டிருக்கலாம்" என்றாள் அக்கா. "எங்க தெருவுக்குன்னு எழுதி வெச்சு, அதைச் சொல்ல என் தங்கச்சியையே அனுப்பி, எங்ககிட்டயே வாங்கினீங்க. என் கை உடைஞ்சதுகூடப் பரவாயில்ல. அவ வாயை வாடகைக்கு எடுத்தீங்களே, அதுக்கு வாடகை யார் தர்றது?"

மூன்று நிமிடம் முடிந்ததாக மணி அடித்தது. அடுத்து பூட்டுக்கடைக்காரர் எழுந்தார். அவரும் தங்கையைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு மறுபடி அதே தொகைகளைச் சொன்னார். அடுத்து பல் டாக்டர். பிறகு மருந்துக்கடை அம்மா. ஐந்தே முக்கால் வரை அதே நான்கு தொகைகள் அந்த மண்டபத்தில் ஒலித்துக்கொண்டே இருந்தன. தலைவரின் இனிமை நாலரைக்கே தீர்ந்துவிட்டது.

மறுநாள் இரண்டு பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஒன்றில் நிழற்கூடத்தின் படமும் இருந்தது. பதினெட்டே நாளில் லாரிகள் வந்தன. ஆறு வருடம் பரிசீலனையில் இருந்த நடைபாதை ஒன்பது நாளில் முடிந்தது. சமமான கற்கள், ஓரத்தில் சரிவு, மழைநீர் போக வழி, எல்லாம் சுத்தமான வேலை. அதே ஆட்கள் போகிறபோக்கில் அறுபத்து நான்கு கம்பங்களிலிருந்தும் தகரப் பலகைகளைக் கழற்றிச் சாக்கில் கட்டி எடுத்துப் போனார்கள். மீட்டர் வருமானம் இனி முழுவதும் பொதுக் கணக்குக்கே போகும் என்று மன்றம் அடுத்த கூட்டத்தில் கை தூக்கித் தீர்மானம் போட்டது. பொய்யைத் திருத்துவதைவிடப் பலகையைக் கழற்றுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

தெருவில் பாதிப் பேருக்கு அது போதும். "நமக்கு வேண்டியது கிடைச்சிருச்சே, அப்புறம் என்ன?" என்று மருந்துக்கடை அம்மா கேட்டாள். தங்கை அப்போது மீட்டரம்மாவே இல்லை. அலுவலக ரகசியத்தை வெளியிட்டதற்காக விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு குறிப்பாணை கொடுத்தார்கள். யார் கேட்டாலும் காட்ட வேண்டிய பேரேடு எப்படி ரகசியமாகும் என்று அவள் பதில் எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை, மாற்றல் உத்தரவுதான் வந்தது. தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை, பொதுமக்கள் புகார் வாங்கும் மேஜை. ஒரு நாளைக்கு எண்பது பேர் வந்து அவள் முகத்தில் கோபத்தைக் கொட்டிவிட்டுப் போவார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள்.

அக்காவின் கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டு முக்கால்வாசி திரும்பியது. வெட்ட முடிந்தது, மெஷினில் ஓட்ட முடிந்தது. பொத்தான் துளை தைக்க மட்டும் விரல் ஒத்துழைக்கவில்லை. அந்த வேலையை வெளியே கொடுத்து வாங்கினாள். புதுக் கல்லின் மேல் நடந்து போய்க் கொடுத்துவிட்டு வரும்போதெல்லாம் முணுமுணுப்பாள்.

புகார் மேஜையில் நான்காவது வாரம், கிரீஸ் அப்பிய கையோடு ஒருவர் வந்தார். பக்கத்துத் தெருவில் சைக்கிள் பழுதுபார்க்கிறவர். அந்தத் தெருவில் மீட்டர் இல்லை. கார் வைத்திருப்பவர்கள் யாரும் அங்கே வருவதில்லை.

"எங்க தெருவுல ஒரு ஆரம்பப் பள்ளி இருக்கும்மா. நடைபாதையே கிடையாது. பிள்ளைங்க லாரி போற ரோட்டுலதான் நடக்குதுங்க. இந்த மாசம் வேலை ஆரம்பிக்கும்னு போன வருஷம் ஆர்டர் போட்டாங்க. சுண்ணாம்பால கோடுகூடப் போட்டாங்க. இப்ப கேட்டா அடுத்த வருஷம்ங்கறாங்க. ஏன்னு கேட்டா யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

அவள் பேனாவை வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னாள். மாடியேறிப் போய்ப் புள்ளியிடம் கேட்டாள். இந்த முறை அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை, உடனே ஏட்டை எடுத்தார். அவள் தெரு நடைபாதைக்கு நிழற்கூடக் காசு ஒரு பைசாகூடத் திரும்பி வரவில்லை. சாலைப் பொது நிதியில் பள்ளிக்கூடத் தெருவுக்கு ஒதுக்கி வைத்திருந்ததை அப்படியே தூக்கி இங்கே போட்டிருந்தார்கள். பத்திரிகையில் படம் வந்த தெருவுக்கு வேலை, வராத தெருவுக்குச் சுண்ணாம்புக் கோடு.

கீழே வந்தபோது அவளுக்குக் காது மடல் சுட்டது. முதல் தடவை வந்த கோபத்தில் அவமானமும் கலந்திருந்தது. இதில் அது இல்லை. தன் தெருவின் வாயை அடைக்கப் பிள்ளைகளின் வழியைப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறார்கள், தெருவும் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. சைக்கிள்காரர் இன்னும் உட்கார்ந்திருந்தார். அறைக்கு வெளியே புகார் வரிசை நீண்டிருந்தது. அவரிடம் கடை முகவரியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவும் தங்கையும் பூட்டுக்கடைக்காரருமாக அந்தத் தெருவுக்குப் போனார்கள். பல் டாக்டர் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார். மருந்துக்கடை அம்மா வரவில்லை. பள்ளிச் சுவரை ஒட்டிச் சாக்கடை ஓரமாக அவர்கள் ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டியிருந்தது. ஒரு லாரி உரசிக்கொண்டு போனபோது அக்கா சுவரோடு ஒட்டி நின்று கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னாள்.

சைக்கிள்காரர் ஒரு சக்கரத்தைத் தலைகீழாக நிறுத்திக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"என்னம்மா, என் புகாருக்குப் பதில் கொண்டாந்தீங்களா?"

"பதில் இல்லண்ணே. உங்க தெருவுக்கு வர வேண்டிய நடைபாதை எங்க தெருவுல கிடக்கு. அதைச் சொல்லத்தான் வந்தோம்" என்றாள் அவள்.

சைக்கிள்காரர் சுவரோரமாக மூன்று பிள்ளைகள் வரிசையாக நடந்து போவதைப் பார்த்தார். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே இருந்த டயர்களை ஓரமாகத் தள்ளினார்.

"உள்ள வந்து உக்காருங்க" என்றார். "மொதல்லேருந்து சொல்லுங்க. ஒரு தொகையும் விடாம சொல்லுங்க."